அறுபது நாள் விசா முடிந்து வீடு திரும்பிய பிறகு

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து 31 வயதுப் பெண் ஒருவர் ஏழு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

கல்யாணமாகி எட்டரை வருஷம். கணவர் ஷார்ஜாவில் ஏசி டெக்னீஷியன், ஒரே கம்பெனியில் ஒன்பது வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். "எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தால் நாங்கள் சேர்ந்து வாழ்ந்தது பத்து மாசம்தான் மேடம்" என்று எழுதியிருக்கிறார். ஐந்தரை வயதில் ஒரு மகள். இந்த ஏப்ரல் மே விடுமுறையில் முதல் தடவையாக விசிட் விசா எடுத்து அவரிடம் போயிருக்கிறார்கள். கணவர் கம்பெனி ரூமிலிருந்து வெளியே வந்து, ரோலா பக்கம் ஒரு மலையாளிக் குடும்பத்தின் ஃபிளாட்டில் ஒரு அறையை மாதம் 1,800 திர்ஹம் வாடகைக்கு எடுத்திருக்கிறார். சாயங்காலம் வெயில் தணிந்ததும் மூவரும் கீழே இறங்கி நடப்பார்கள். துபாயில் ஒரு திர்ஹம் கொடுத்து அப்ரா படகில் போனது, அவர் டூட்டி முடிந்து வரும் லிஃப்ட் சத்தம் கேட்டதும் பாப்பா கதவடிக்கு ஓடுவது, இதையெல்லாம் கடிதத்தில் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். அந்த மூன்று பக்கத்தில் மட்டும் கையெழுத்து நிதானமாக, அழகாக இருக்கிறது.

மே கடைசியில் திருச்சிக்குத் திரும்பியாகிவிட்டது. மூன்று வாரமாக ராத்திரி அழுகை, சாப்பாடு இறங்கவில்லை. பாப்பா மறுபடியும் படுக்கையை நனைக்கிறாள். அப்பா போன் செய்தால் வர மாட்டேன் என்கிறாள். மாமியார், "ரெண்டு மாசம் சொகுசா இருந்துட்டு வந்து எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க" என்று கேட்டாராம். எல்லாவற்றையும்விட உறுத்துவது வேறொன்று. கிளம்புவதற்கு முந்தைய வாரம் கணவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. தாமதமாக வந்தார், ஒரு நாள் குழம்பில் உப்பு அதிகம் என்று தட்டைத் தள்ளிவிட்டார். "நாங்கள் எப்போது போவோம் என்று காத்திருந்தாரோ என்று தோன்றுகிறது."

அவருடைய கேள்விகள்: எனக்கு மனநோயா? போகாமலே இருந்திருக்க வேண்டுமா? ஊரில் ஒரு ஏஜென்ட் 1,20,000 ரூபாய் கொடுத்தால் விசிட் விசாவிலேயே போய் வேலையில் சேர்ந்துவிடலாம் என்கிறார், நகையை வைத்துக் கொடுக்கட்டுமா? இல்லை, போதும், வந்துவிடுங்கள் என்று அவரைக் கூப்பிட்டுவிடட்டுமா?

அன்புள்ள தோழிக்கு,

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படிக்க முடியாது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது மனநோய் மாதிரி தெரியவில்லை. பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புகிறீர்கள், தையல் ஆர்டரை முடித்துக் கொடுக்கிறீர்கள், தோழி வந்தபோது சிரித்துப் பேசினேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இது பிரிவுத் துயரம். பொருள் தேடப் போகிறவனைப் பிரிந்திருக்கும் நிலைக்குப் பொருள்வயிற் பிரிவு என்று பெயர் வைத்து, பிரிவுக்கென்றே ஒரு திணையும் ஒதுக்கி வைத்த மொழி நம்முடையது. உங்களுக்கு நடப்பது புதிதும் இல்லை, கேவலமும் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்துக்கொண்டே இருங்கள். நாள் முழுக்க, கிட்டத்தட்ட தினமும், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனசு ஒட்டாமல் போனால், தூக்கமும் சாப்பாடும் மேலும் குறைந்தால், இருந்து என்ன பிரயோசனம் என்கிற மாதிரி எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தால்கூட, தள்ளிப் போடாமல் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். போக முடியாவிட்டால் 14416 என்ற, அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அழுகை இப்போது இருக்கிற அளவிலேயே நின்று, மெல்லக் குறைந்தால் மருந்து தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அவர் வந்து போகும்போது இவ்வளவு வலிக்கவில்லையே, இந்தத் தடவை மட்டும் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் லீவில் வரும்போது வீடு முழுக்க ஆள். விருந்து, கோயில், கல்யாணம், கடன் கொடுத்தவர், கடன் கேட்பவர், மாமியார், நாத்தனார் என்று எல்லோருக்கும் அவரைப் பங்கு போட்டுக் கொடுத்த பிறகு மிச்சம்தான் உங்களுக்கு. ஷார்ஜாவில் அந்த ஒற்றை அறையில்தான் முதல் தடவையாகத் தினசரி வாழ்க்கை ஒன்றை வாழ்ந்து பார்த்திருக்கிறீர்கள். காலையில் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டது, தண்ணீர் கேன் தீர்ந்துவிட்டது என்று அவரைத் திட்டியது, மூன்று பேரும் ஒரே கட்டிலில் நெருக்கிப் படுத்தது. எதை இழந்துகொண்டிருக்கிறோம் என்று எட்டு வருஷமாகத் தெரியாமல் இருந்தது, இப்போது அதன் அளவு தெரிந்துவிட்டது. அதனால்தான் வலி கூடியிருக்கிறது. போகாமலே இருந்திருக்கலாம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாப்பா தன் அப்பாவின் வியர்வை வாசனையைத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள். பெட்டியைப் பிரித்தபோது துவைக்காத அவருடைய பனியன் ஒன்று வந்தது, அதைத் தலையணைக்குள் வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். வைத்திருங்கள். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

அந்தக் கடைசி வாரம்

இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். மற்ற எல்லா முடிவுகளும் இதிலிருந்துதான் தப்பாகக் கிளம்புகின்றன என்று எனக்குப் படுகிறது.

1987-இல் காத்லீன் வெஸ்டல் லோகன் என்ற அமெரிக்கப் பெண்மணி, கடற்படை வீரர்களின் மனைவிமார் ஒவ்வொரு பயணத்தின்போதும் என்னென்ன கட்டங்களைத் தாண்டுகிறார்கள் என்று வரிசைப்படுத்தி எழுதினார். கப்பல் கிளம்புவதற்குச் சில நாள் முன்னால் வருகிற கட்டத்துக்கு அவர் சொன்ன பெயர் விலகல். உடம்பு ஒரே வீட்டில் இருக்கும், மனசு முன்னாலேயே கழன்றுகொள்ளும். சின்ன விஷயத்துக்குச் சண்டை வரும், தொட்டால் எரிச்சல் வரும், எப்படியும் போகத்தானே போகிறோம், சீக்கிரம் போய்த் தொலையட்டும் என்றுகூடத் தோன்றும். பாசம் இல்லாததால் வருவதில்லை இது. வரப்போகிற அடியைத் தாங்குவதற்கு மனசு முன்கூட்டியே மரத்துப் போகிறது, அவ்வளவுதான். வளைகுடாக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுகிற எனக்கு, லீவின் கடைசி வாரத்துச் சண்டை என்பது கிட்டத்தட்ட எல்லார் கதையிலும் வருகிற ஒன்று. குழம்பில் உப்பு, ஏசி குளிர், சூட்கேஸ் எடை, மாமாவுக்கு வாங்கிய கோடாரித் தைலம் ஒரு பாட்டிலா இரண்டா. ஏதாவது ஒன்றில் வெடிக்கும்.

நீங்களும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கிளம்புவதற்கு நாலு நாள் முன்னாலேயே பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் விலகல்தான். டூட்டி முடிந்து வந்த மனிதர் கட்டிலுக்குப் பக்கத்தில் திறந்து கிடக்கிற பெட்டியைத் தினமும் தாண்டித்தான் உள்ளே வந்திருக்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. ஏழு பக்கத்தில் ஒரு வரிகூட இதைப் பற்றி இல்லை. திரும்பிப் போனது நீங்கள் இரண்டு பேர் மட்டும் இல்லை, அவரும் திரும்பிப் போனார். உங்களுக்குத் திரும்பி வர ஒரு வீடு இருந்தது, குழந்தை கூடவே இருந்தாள், சொந்த பந்தம் இருந்தது. அவர் விமான நிலையத்தில் உங்களை உள்ளே அனுப்பிவிட்டு எங்கே போயிருப்பார்? அந்த அறைக்குத்தான் போயிருக்க வேண்டும். மாதம் முடிந்தது, காலி செய்ய வேண்டும். நீங்கள் வாங்கிய குக்கர், பாப்பாவின் பிளாஸ்டிக் நாற்காலி, குளியலறையில் பாதி தீர்ந்த ஷாம்பு, எல்லாவற்றையும் அவர் ஒற்றை ஆளாக எடுத்துக் கட்டியிருப்பார். அப்புறம் கம்பெனி ரூமில் இரண்டடுக்குக் கட்டில். ஆறு பேருக்கு ஒரு பாத்ரூம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது வருஷமாக அந்தக் கட்டில் அவருக்குப் பழகிப் போயிருந்தது. இப்போது பழக்கம் விட்டுப் போயிருக்கும்.

நம் ஊர் ஆண்கள் பெரும்பாலும் இதைச் சொல்ல மாட்டார்கள். "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்" என்பதோடு போனை முடித்துக்கொள்வார்கள். அந்த இரண்டு வார்த்தையை வைத்து அவருக்கு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

லோகன் இன்னொன்றும் சொல்கிறார், பிரிந்த பிறகு வரும் முதல் ஆறு வாரம் தலைகால் புரியாத காலம் என்று. எதையும் ஒழுங்காகச் செய்ய முடியாது, கோபம் வரும், தூக்கம் கெடும், அப்புறம் மெதுவாகப் பிடிமானம் கிடைக்கும். உங்களுக்கு இது மூன்றாவது வாரம். அதனால் நகையைத் தொடுவதோ, அவரை வேலையை விடச் சொல்வதோ, எதுவானாலும் ஜூலை நடுப்பகுதி வரை தள்ளிப் போடுங்கள். இப்போது எடுக்கிற முடிவை வலிதான் எடுக்கும்.

பாப்பாவுக்கு

ஐந்தரை வயதில், பெரிய பிரிவுக்குப் பிறகு படுக்கையை நனைப்பது அடிக்கடி பார்க்கிற விஷயம். திட்டாதீர்கள், மற்றவர் எதிரில் சொல்லாதீர்கள், பாய் மாற்றிவிட்டு "சரி, பரவாயில்லை" என்று படுக்க வையுங்கள். ஆனால் எல்லாவற்றையும் மனசு மேல் போட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்றும் இதே மாதிரி காட்டும். ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்டி யூரின் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். அதில் ஒன்றும் இல்லை என்றால் பொறுத்திருங்கள். இரண்டு மூன்று மாதமாகியும் குறையவில்லை என்றால் திரும்ப மருத்துவரைப் பாருங்கள்.

அப்பா போனுக்கு வர மாட்டேன் என்கிறாள், மறந்துவிட்டாளா என்று பயப்படுகிறீர்கள். மறக்கவில்லை. பென்சில் பாக்ஸில் போர்டிங் பாஸை மடித்து வைத்திருக்கிற குழந்தை மறந்துவிடுமா! திரையில் முகம் தெரிகிறது, தொட முடியவில்லை, கட்டானதும் மறுபடி ஒரு பிரிவு. தினமும் அதை அனுபவிப்பதைவிட வராமலே இருப்பது அவளுக்குச் சுலபமாகத் தெரிகிறது. கட்டாயப்படுத்தி ஸ்பீக்கரில் போட்டு "அப்பாவுக்கு முத்தம் குடு" என்று சொல்ல வேண்டாம்.

அதோடு நேரத்தையும் பாருங்கள். அவர் ரூமுக்கு வந்து குளித்துக் கூப்பிடும்போது அங்கே எட்டு மணி, நம் ஊரில் ஒன்றரை மணி நேரம் கூடுதல், ஒன்பதரை. ஒன்றாம் வகுப்புக் குழந்தை தூங்கி வழிகிற நேரம். அந்த நேரத்தில் போட்டிம் ஆப் வீடியோ காலில் படம் வேறு விட்டு விட்டு வந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது! காலை ஏழரைக்கு மாற்றிப் பாருங்கள், அங்கே ஆறு மணி, கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற நேரம். மூன்று நிமிஷம் போதும். அமீரகத்தில் வாட்ஸாப் கால் போகாவிட்டாலும் குரல் பதிவு போகும். அங்கே இருந்தபோது அப்பா தினமும் ராத்திரி யானைக் கதை சொல்வார் என்று எழுதியிருந்தீர்களே, அதையே இரண்டிரண்டு நிமிஷமாகப் பேசி அனுப்பச் சொல்லுங்கள். பாப்பா தனக்குத் தோன்றும்போது கேட்கட்டும், பத்துத் தடவை வேண்டுமானாலும் கேட்கட்டும். குரல் பதிவில் கட் ஆகிற பயம் இல்லை.

ஏஜென்ட் சொல்கிற வழி

விசா என் துறை இல்லை, ஆனால் இந்த வழியில் போய்ப் பணத்தையும் நிம்மதியையும் தொலைத்த குடும்பங்கள் கடைசியில் வந்து உட்காருவது என் அறையில்தான் என்பதால் கொஞ்சம் தெரிந்து வைத்திருக்கிறேன். தயவுசெய்து அந்த 1,20,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். விசிட் விசாவில் இருந்துகொண்டு வேலை செய்வது அங்கே சட்ட விரோதம். 2024-இல் சட்டத்தைத் திருத்தி, பெர்மிட் இல்லாமல் ஆளை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று ஆக்கியிருக்கிறார்கள். அவ்வளவு ஆபத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஒருவர் உங்களை வேலைக்கு வைத்தால், எப்படிப்பட்ட இடமாக இருக்கும், சம்பளம் ஒழுங்காக வருமா என்று யோசியுங்கள். பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள், மறுபடி நுழைய முடியாமல் போகலாம். விசா தேதி தாண்டினால் நாளுக்கு 50 திர்ஹம் வேறு. வாசல் நிரந்தரமாக மூடிவிட்டால் அடுத்த கோடை விடுமுறைக்குக்கூடப் போக முடியாது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் நம் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும், அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் வரியும்தான். அமைச்சகத்தின் இமைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள், இருக்கிறாரா என்று தெரிந்துவிடும்.

குடும்ப விசா

"அவர் டெக்னீஷியன் விசாவில் இருக்கிறார், எஞ்சினியர், மேனேஜர் மாதிரி இருந்தால்தான் குடும்பத்தைக் கூட்டிக்கொள்ள முடியும் என்று நண்பர்கள் சொன்னார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது பழைய கதை. 2019-இலேயே பதவி நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். மாதச் சம்பளம் 4,000 திர்ஹம் இருக்க வேண்டும், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருக்க வேண்டும். உங்கள் கணவருக்கு 4,300 வருகிறது என்கிறீர்கள். அதில் ஓவர்டைம் எவ்வளவு என்று கேளுங்கள், ஏனென்றால் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகையைத்தான் பொதுவாகப் பார்ப்பார்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன, அவர் அங்கே விசா விண்ணப்பம் தயார் செய்து தரும் டைப்பிங் சென்டர் ஒன்றில் போய் இன்றைய நிலவரத்தைக் கேட்டுவிடுவது நல்லது.

தகுதி இருக்கிறது என்பதற்காகக் கட்டுப்படியாகும் என்று அர்த்தமில்லை. 4,300 திர்ஹம் இன்று சுமார் ஒரு லட்சம் ரூபாய். அதில் 60,000 வீட்டுக்கு வருகிறது, வீடு கட்டிய கடன் இன்னும் ஏழு லட்சம் நிற்கிறது. குடும்பம் போனால் கம்பெனி ரூம் கிடையாது. தடுப்பு வைத்த பார்ட்டிஷன் அறை போதாது, பெயரில் முறையான வாடகை ஒப்பந்தம் வேண்டும். 2025-இல் துபாயில் அனுமதியில்லாத பார்ட்டிஷன் அறைகளை ஆய்வு செய்து அகற்ற ஆரம்பித்தார்கள். விசாக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, பாப்பாவுக்குப் பள்ளிக் கட்டணம், பஸ் கட்டணம். இரண்டு பேரும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இதையெல்லாம் எழுதிக் கூட்டுங்கள். மாமியாருக்கு மாதம் எவ்வளவு அனுப்ப வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள், மறைத்து வைக்க வேண்டாம்.

நீங்கள் பி.காம். படித்து இரண்டு வருஷம் கணக்கு வேலை பார்த்தவர். கணவரின் குடும்ப விசாவில் இருந்துகொண்டே, வேலை தருகிறவர் எடுத்துத் தரும் ஒர்க் பெர்மிட்டில் சட்டப்படி வேலை செய்யலாம். ஏஜென்ட் சொன்ன வேலையையே நேர்வழியில் தேடிக்கொள்வது மாதிரிதான் இது. உங்கள் சம்பளமும் சேர்ந்தால் நோட்டுப் புத்தகத்துக் கணக்கு மாறலாம். ஆனால் வேலை கிடைத்த மாதிரியே வைத்துக் கணக்குப் போடாதீர்கள், கிடைக்காத ஆறு மாதத்துக்கும் சேர்த்துப் போடுங்கள்.

போக முடிவெடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இப்போதே ஒன்று செய்து வையுங்கள். உங்கள் திருமணத்தைப் பதிவு செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மண்டப ரசீதும் போட்டோ ஆல்பமும் அங்கே செல்லாது. பதிவுச் சான்றிதழ் வேண்டும், அதை மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாகச் சான்றொப்பம் வாங்க வேண்டும். பாப்பாவின் பிறப்புச் சான்றிதழுக்கும் இப்படித்தான். பதிவுக்கு அவரும் இருக்க வேண்டும் என்பதால், அடுத்த லீவில் விருந்துக்குப் போவதற்கு முன்னால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில்தான் ஆண்டைத் தொடங்குகின்றன. அதையும் மனதில் வைத்துத் தேதி போடுங்கள். ஒரு வருஷம் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம், அதில் அவமானம் எதுவும் இல்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து ஊரிலேயே தங்கினால் அந்த விசா செல்லாமல் போகும்.

அவரைக் கூப்பிட்டுக்கொள்வது

இதுவும் ஒரு நியாயமான வழி. என் மனசு இதன் பக்கம் சாய்கிறது என்பதை மறைக்கவில்லை, ஆனால் உங்கள் கடனை நான் கட்டப் போவதில்லை, அதனால் கணக்கையும் சொல்கிறேன். ஒன்பது வருஷ சர்வீசுக்குச் சட்டப்படி கிராஜுவிட்டி உண்டு. முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள், அதற்கு மேல் வருஷத்துக்கு 30 நாள் அடிப்படைச் சம்பளம். அப்படியானால் 105-ம் 120-ம் சேர்த்து 225 நாள். அடிப்படைச் சம்பளம் 2,000 திர்ஹம் என்று எழுதியிருந்தீர்கள், அந்தக் கணக்கில் 15,000 திர்ஹம் வரும், நம் பணத்தில் மூன்றரை லட்சம் போல. தானாக ராஜினாமா செய்தால் குறைத்துத் தருவார்கள் என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். 2022 பிப்ரவரியில் வந்த புதிய தொழிலாளர் சட்டத்தில் அந்தக் குறைப்பு கிடையாது. ஆக, இன்றைக்கே வந்தால் கடனில் பாதி அடையும், பாதி நிற்கும், ஊரில் வேலை தேட வேண்டும்.

அதனால் "வந்துவிடுங்கள்" என்று போனில் அழுது சொல்வதைவிட, "எந்த வருஷம் வருவீர்கள்" என்று கேட்பது நல்லது. முடிவு தெரியாத பிரிவுதான் ஆளைத் தின்கிறது. கடன் இவ்வளவுக்கு இறங்கியதும், அல்லது பாப்பா நான்காம் வகுப்புப் போகும் முன், என்று இரண்டு பேரும் ஒரு தேதியை எழுதி வைத்துக்கொண்டால், நடுவில் இருக்கும் வருஷங்களுக்கு ஒரு கரை தெரியும். அதுவரைக்கும் இரண்டு வருஷ இடைவெளியைக் குறைக்கவும் வழி இருக்கிறது. அங்கே சட்டப்படி வருஷத்துக்கு 30 நாள் லீவு உண்டு. இரண்டு வருஷத்துக்குச் சேர்த்து இரண்டு மாதமாக எடுப்பதற்குப் பதில் வருஷா வருஷம் ஒரு மாதம் வர முடியுமா என்று கம்பெனியில் கேட்கச் சொல்லுங்கள். டிக்கெட் செலவு கூடும், உண்மைதான். ஒரு வருஷம் அவர் வந்து, மறு வருஷம் நீங்கள் போகிற மாதிரியும் வைத்துக்கொள்ளலாம்.

மாமியார்

சொகுசு என்று அவர் சொன்னது தப்பு, உங்களுக்கு வலித்திருக்கும். ஆனால் இரண்டு மாதம் அந்த வீட்டில் தனியாக இருந்தவர் அவர். மகனைப் பார்த்து அவருக்கும் இரண்டு வருஷம் ஆகப் போகிறது, டிக்கெட் அவருக்குப் போடவில்லை. நீங்கள் வந்ததிலிருந்து அங்கே நடந்ததை அவரிடம் உட்கார்ந்து சொன்னீர்களா? பேரீச்சம்பழமும் பால் பவுடரும் கொடுத்தேன் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஒரு மத்தியானம் போனில் இருக்கிற போட்டோக்களை ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். மகன் என்ன சாப்பிட்டான், இளைத்திருக்கிறானா, முடி கொட்டியிருக்கிறதா, இதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். அந்த வீட்டில் உங்கள் கணவரை நினைத்து ஏங்குகிறவர் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை. அதற்குப் பிறகும் குத்திப் பேசினால், "எனக்கு அவரை விட்டுட்டு வந்தது கஷ்டமா இருக்கு அத்தை" என்று நேராகச் சொல்லுங்கள், அழுகை வந்தாலும் பரவாயில்லை.

நோட்டுப் புத்தகம், தேதி, விசா எல்லாம் ஜூலையில் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கணவருக்கு லீவு. பாப்பா தூங்கிய பிறகு நீங்களே கூப்பிடுங்கள். உப்பு விஷயத்தை எடுக்க வேண்டாம், ஏன் அப்படி நடந்துகொண்டீர்கள் என்றும் கேட்க வேண்டாம். "எங்களை ஏத்திவிட்டுட்டு அன்னைக்கு ராத்திரி எங்க தூங்குனீங்க" என்று மட்டும் கேளுங்கள். உடனே பதில் வராது. "ரூம்லதான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றப் பார்ப்பார். நீங்கள் போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே காத்திருங்கள்.